சிப்காட் செதுக்கிய குளிர்ச்சி

கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் காட்டுவதென்று ஒருவன் முடிவெடுத்துவிட்டால், அவன் குடியிருக்க ஓசூரைவிடத் தோதான ஊர் இந்த நாட்டில் இல்லை. பெங்களூர்க்காரர்கள் சண்டைக்கு வந்தாலும் இதைத்தான் சொல்வேன். அவர்களிடம் எஸ்.பி. ரோடு இருக்கிறது, பெட்டியில் அடைத்து விற்கிற கம்ப்யூட்டர் சாமான் எதுவானாலும் அங்கே கிடைக்கும். நம்மிடம் இருப்பது அந்தச் சாமானையே செய்துவிடுகிற கைகள். மூக்கண்டப்பள்ளியில் தொடங்கி பேடரப்பள்ளி வரை ஒரு நடை போய்ப் பாருங்கள். லேத், வி.எம்.சி., வயர்கட், சர்பேஸ் கிரைண்டிங், லேசர் கட்டிங், ஆர்கான் வெல்டிங் என்று ஷட்டருக்கு ஷட்டர் ஒரு வித்தை. அந்த ஷட்டர்களுக்குள் புகுந்து புறப்பட்டு என் கம்ப்யூட்டருக்கான, சிப்பின் தலையில் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குத் தள்ளுகிற வாட்டர் பிளாக், ரேடியேட்டர், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் செய்துகொண்ட ஆனந்தத்தைத்தான் இங்கே கொட்டப்போகிறேன். கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் இதைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துவிட்டது.

நான் பட்டறைச் சாமான்களைப் பிடித்து நிறுத்துகிற ஜிக், பிக்சர் வரைகிற வேலையில் இருப்பவன். வீட்டிலும் அதே பைத்தியம்தான். ராத்திரி முழுக்க ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் ஓடும். ஓய்ந்த நேரத்தில் கேம் ஓடும். பெட்டிக்குள் இருப்பது ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ், எட்டு கோர். அது இழுக்கிற உச்ச மின்சாரம் 142 வாட். கேட்டால் பெரிய அளவாகத் தோன்றாது. வம்பெல்லாம் அந்தச் சூடு கிளம்புகிற இடத்தின் அளவில் இருக்கிறது. எட்டு கோர்களும் உட்கார்ந்திருக்கும் சில்லு ஏறத்தாழ 80 சதுர மில்லிமீட்டர்தான். ஒரு சதுர சென்டிமீட்டர்கூட முழுசாக இல்லை. வீட்டு இஸ்திரிப் பெட்டி 1000 வாட் இழுக்கிறது, அதன் அடிப்பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் என்று வையுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட் ஆகிறது. இந்தச் சில்லிலோ அது 100 வாட்டைத் தாண்டும். சட்டையைக் கருக்குகிற சாமானைவிட இருபது மடங்கு நெருக்கமான சூடு ஒரு சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கிறது! வெப்பம் 90 டிகிரியைத் தொட்டால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

காற்றால் இதை அள்ள முடியாதா என்றால், முடியும். கத்திக்கொண்டே அள்ளும். தண்ணீரின் சமாசாரமே வேறு. ஒரே கொள்ளளவில், ஒரே ஒரு டிகிரி சூடேறுவதற்குள், தண்ணீர் வாங்கிக்கொள்கிற வெப்பம் காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு. கணக்கு போட்டுப் பார்த்து நானே மலைத்துப்போனேன்: நிமிடத்துக்கு 2 லிட்டர் தண்ணீர் ஓடினால், அந்த 142 வாட் மொத்தத்தையும் முழுங்கிய பிறகும் தண்ணீர் சூடேறுவது ஒரு டிகிரிதான். ஒரே ஒரு டிகிரி! ஆகவே தண்ணீர் தாங்குமா என்ற கேள்விக்கே இடமில்லை. சூட்டைச் செம்பிலிருந்து தண்ணீருக்குள் எப்படித் தள்ளுவது, தண்ணீரிலிருந்து காற்றுக்கு எப்படிக் கைமாற்றுவது என்ற இரண்டே வேலைதான் மிச்சம்.

இதில் எதுவும் புதிய யோசனை இல்லை. ஐபிஎம் 1980இல் அறிவித்த 3081 என்ற பெரிய கம்ப்யூட்டரில் சிப் தொகுதிகளின் தலைமேல் தண்ணீர் ஓடும் தட்டுகள் இருந்தன. 1981இல் ஸ்டான்போர்டில் டக்கர்மேனும் பீஸும் சிலிக்கானிலேயே 50 மைக்ரான் அகலத்துக்கு நுண்ணிய வாய்க்கால்களை வெட்டி, தண்ணீரை ஓடவிட்டு, சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் வரை அள்ளிக்காட்டினார்கள். இன்று கடையில் விற்கிற எல்லா வாட்டர் பிளாக்குக்கும் அந்த வாய்க்கால்தான் மூதாதை. அவ்வளவு தூரம் போவானேன்? 2022 மே மாதம் திருச்சி என்.ஐ.டி.யில் திறந்துவைத்த பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டர், 838 டெராபிளாப்ஸ் வேகம் கொண்டது, திரவத்தைச் சிப்பின் பக்கத்துக்கே கொண்டுவந்து குளிர்விக்கிற முறையில்தான் ஓடுகிறது. திருச்சியில் சர்க்கார் செய்வதை மூக்கண்டப்பள்ளியில் மாடி வீட்டில் செய்தால் என்ன என்ற திமிர்தான் எனக்கு.

முதலில் செம்பு. வாட்டர் பிளாக்கின் உயிரே அதன் அடித்தகடு. செம்பின் வெப்பக்கடத்தல் மீட்டருக்கு, டிகிரிக்கு ஏறத்தாழ 400 வாட். அலுமினியத்துக்கு 237, அதுவும் சுத்தமாக இருந்தால். பித்தளைக்கு 120ஐ ஒட்டி. பாத்திரக்கடைச் செம்பைத் தேடி அலைய வேண்டாம். ஓசூரில் எலக்ட்ரிக் பேனல் போர்டு கட்டுகிற பட்டறைகள் ஏராளம். அங்கே மின்சாரம் போவதற்காகச் செம்பு பஸ்பார் வெட்டுவார்கள்; மிஞ்சிய துண்டுகள் மூலையில் கிடக்கும். மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிற செம்புதான் சூட்டையும் நன்றாகக் கடத்தும். 60 எம்.எம். அகலம், 10 எம்.எம். தடிமனில் ஒரு துண்டைக் கையில் எடுத்தபோது அந்தக் கனமே ஒரு போதையாக இருந்தது. ஒரு கிலோவில் மூன்றில் ஒரு பங்கு வரும். எடைக்கு எடை காசு கொடுத்து வாங்கிவந்தேன்.

அதை வி.எம்.சி. என்கிற மில்லிங் மிஷினில் ஏற்றினார்கள். செம்பு பார்க்கத்தான் சாது. கட்டரில் ஒட்டும், பிசுபிசுக்கும், 3 எம்.எம். டேப்பை மடக்கென்று முறிக்கும். இரும்பு தின்னுகிற பழைய கட்டரைப் போட்டால் வெட்டாது, வழிக்கும். "புது கட்டர் போடுப்பா, மண்ணெண்ணெய் ஊத்து, அவசரப்படாதே" என்று பட்டறை அண்ணன் ஆபரேட்டருக்குச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "ஏமி சார் இது, எந்தக் கம்பெனி பார்ட்டு?" என்றார். கம்ப்யூட்டருக்கு என்றேன். அவர் நம்பவில்லை. டிராயிங்கைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, டாலரன்ஸ் போட்டிருக்கிற இடத்தை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பிளாட்னஸ் இவ்ளோ எதுக்கு?" என்று கேட்டார் பாருங்கள், அங்கேயே நான் விழுந்துவிட்டேன். முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்று இருந்தது, அதைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

இப்போது அந்த வாய்க்கால்கள். 3 எம்.எம். அடித்தளம், அதன் நடுவில் 30க்கு 30 எம்.எம். மேடை, உயரம் 3 எம்.எம். அந்த மேடையில் மெல்லிய பள்ளங்கள் வெட்ட வேண்டும். அரை எம்.எம். கட்டரை வைத்து மில்லிங் செய்யலாம். உடைகிற கட்டருக்குக் காசு கொடுத்துக் கட்டுப்படியாகாது. இங்கேதான் ஓசூரின் ஐசுவரியம் தெரிகிறது. வயர்கட்! டை செய்கிற ஊரில் வயர்கட்டுக்கு என்ன பஞ்சம்? 0.25 எம்.எம். பித்தளைக் கம்பி, அதற்கும் செம்புக்கும் நடுவே தீப்பொறி, கம்பி உலோகத்தைத் தொடாமலே அரித்துக்கொண்டு போகிறது. கம்பி அகலமும் பொறி இடைவெளியும் சேர்ந்து 0.3 எம்.எம். பள்ளம் விழும். பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே 0.3 எம்.எம். செம்புச் சுவர். 30 எம்.எம். அகலத்தில் 50 வாய்க்கால்! ஒவ்வொன்றும் 3 எம்.எம். ஆழம். பக்கச் சுவர்களை மட்டும் கூட்டினாலே தண்ணீர் தொடுகிற பரப்பு 90 சதுர சென்டிமீட்டர் வருகிறது. மொழுக்கென்று விட்டிருந்தால் 9தான். பத்து மடங்கு பரப்பை ஒரு கம்பி அறுத்துக் கொடுத்துவிட்டது.

வயர்கட்டில் கூலி சதுர மில்லிமீட்டர் கணக்கு, இத்தனை பைசா என்று. என் பிளாக்குக்கு வெறும் 4,500 சதுர மில்லிமீட்டர். பெரிய டைக்கு நடுவே, ராத்திரி ஷிப்டில், கம்பி மாற்றுகிற இடைவெளியில் இதைச் செருகிவிட்டார் வயர்கட் ஓட்டுகிற தம்பி. நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீருக்குள் நீலப்பொறி மினுக்மினுக்கென்று ஒரு கோட்டில் இறங்கும், ஏறும், 0.6 எம்.எம். நகரும், மறுபடி இறங்கும். சினிமாவுக்குப் போனால்கூட நான் இவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்ததில்லை. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது வாய்க்கால்கள் வழியே ட்யூப்லைட் தெரிந்தது. அந்தத் தம்பி அதை வாங்கிக் கட்டைவிரல் நகத்தால் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வருடினார். டர்ர்ர் என்று ஒரு ஓசை. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

வயர்கட் முடிந்த செம்பு கருத்துப் போயிருக்கும். அதற்கு எந்தக் கெமிக்கலும் வாங்கவில்லை. பழைய புளியைக் கரைத்து, உப்பு போட்டு, ஊறவைத்து, டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். அம்மா பூஜைச் சொம்பு விளக்குவது எப்படியோ அப்படியேதான். புளியில் இருக்கும் அமிலத்துக்குப் பூஜைச் சொம்பென்றும் வாட்டர் பிளாக்கென்றும் பேதம் தெரியாது. பிளாக் தங்கமாக மின்னியது.

அடுத்தது லேப்பிங். என்னைக் கேட்டால் இந்த வேலையின் சிகரம் இதுதான். அடித்தகட்டின் கீழ்ப்பக்கம் சிப்பின் மூடியோடு உட்கார வேண்டும். இடையில் தடவுகிற பேஸ்ட் நல்ல பேஸ்டாக இருந்தாலும் செம்போடு ஒப்பிட்டால் வெப்பத்துக்கு அது மண்சுவர்தான். ஆகவே அது எவ்வளவு மெல்லிசாக இருக்கிறதோ அவ்வளவு லாபம். மெல்லிசாக இருக்க இரண்டு பக்கமும் சமதளமாக இருக்க வேண்டும். இன்ஸ்பெக்ஷன் ரூம் என்று ஒன்று இருக்கிற எல்லாப் பட்டறையிலும் கருங்கல் சர்பேஸ் பிளேட் இருக்கும். கிரானைட்டுக்குப் பேர்போன கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கல்லுக்கு அலைவோமா? நல்ல சர்பேஸ் பிளேட்டின் மேல் எமரி வைத்துத் தேய்க்க யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது; அது அளப்பதற்கு மட்டும். தேய்ப்பதற்குத் தடித்த கண்ணாடி. 400 நம்பர் வாட்டர் பேப்பரில் ஆரம்பித்து 800, 1200, 2000. எட்டு வடிவத்தில் சுற்ற வேண்டும், கையால் அழுத்தக் கூடாது, செம்பின் கனம் போதும், கொஞ்ச நேரத்துக்கொரு முறை துண்டைக் கால் திருப்பு திருப்பிப் பிடிக்க வேண்டும். மார்க்கர் பேனாவால் அடியில் கட்டம் போட்டு வைத்தால் எந்த இடம் உயரம், எந்த இடம் பள்ளம் என்று மை அழிகிற விதத்தில் தெரிந்துவிடும். முதலில் மூலைகள் மட்டும் அழியும். அப்புறம் ஓரங்கள். கடைசியில் நடுவில் ஒரு சின்னத் தீவு மட்டும் பிடிவாதமாக நிற்கும். அதுவும் போய், ஒரே தேய்ப்பில் எல்லா மையும் ஒன்றாகக் கரைகிற அந்தக் கணம் இருக்கிறதே! டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் முள் அசையவே இல்லை. செம்பில் என் முகம் தெரிந்தது. பல் இடுக்குகூடத் தெரிந்தது.

மேல்மூடிக்கு டெல்ரின் என்கிற பிளாஸ்டிக் போட்டேன். வெளிநாட்டுக்காரர்கள் கண்ணாடியாகத் தெரிகிற அக்ரிலிக் மேல் மோகம் கொண்டு அலைகிறார்கள். அழகுதான், ஆனால் ஸ்பிரிட்டால் துடைத்தாலே மயிரிழை விரிசல் விடுகிற பண்டம் அது. பிக்சர்களுக்கு நாம் தினமும் வெட்டுகிற டெல்ரினுக்கு அந்த நோஞ்சான்தனம் கிடையாது. மூடிக்குள் ஒரு மெல்லிய தகடு வைத்து, அதன் நடுவே நீளவாட்டில் ஒரு சந்து. தண்ணீர் அந்தச் சந்து வழியாக நேரே வாய்க்கால்களின் மையத்தில் பாய்ந்து இரண்டு பக்கமும் பிரிந்து ஓடும். சூடு அதிகமுள்ள இடத்துக்குப் புதுத் தண்ணீர் முதலில் போகிறது. ஓ-ரிங்குக்கு 2 எம்.எம். கயிறு, பள்ளம் 1.5 எம்.எம். ஆழம், கால் பங்கு நசுங்கினால்தான் அடைக்கும். இதில் ஓசூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1.15 எம்.எம். கனமுள்ள எந்திரத்தை வைத்து, மொத்தமே 3.5 எம்.எம். தடிமனில், தண்ணீர் புகாத டைட்டன் எட்ஜ் கைக்கடிகாரம் பிறந்த ஊர் இது. அவர்கள் தண்ணீரை வெளியே நிறுத்தினார்கள், நான் உள்ளே நிறுத்துகிறேன். ரப்பர் வளையத்துக்கு எல்லாம் ஒன்றுதான்.

இப்போது சொல்லப்போவதைத்தான் நான் கூரை மேலேறிக் கூவ ஆசைப்படுகிறேன். உலகத்தில் எந்தக் கம்பெனி கம்ப்யூட்டர் வாட்டர் கூலிங் சாமான் செய்தாலும், குழாய் மாட்டுகிற துளைக்கு அநேகமாக ஒரே மரைதான்: ஜி கால் இன்ச். வெளிவிட்டம் 13.157 எம்.எம்., இன்ச்சுக்கு 19 மரை, டேப் அடிக்குமுன் போடுகிற துளை 11.8. இதற்கான பிட்டிங்குகளை வெல்வெட் பெட்டியில் வைத்து, யானை விலைக்கு விற்கிறார்கள். ஆனால் இது என்ன மரை தெரியுமா? நம்முடைய கால் இன்ச் பி.எஸ்.பி.! சிப்காட் தொழிற்பேட்டையில் நியூமேட்டிக் சிலிண்டர் ஓடுகிற லைன்களிலும், சோலினாய்டு வால்வுகளிலும் சகஜமாக இருக்கிற அதே மரை! பாகலூர் ரோட்டிலோ எங்கேயோ ஒரு நியூமேட்டிக் கடைக்குள் நுழைந்து "கால் இன்ச் பேரலல், 12 எம்.எம். புஷ் பிட்டிங்" என்று கேளுங்கள், டப்பாவைத் தூக்கிக் கவுண்டரில் கொட்டுவார்கள். நிக்கல் பூசிய பித்தளை உடம்பு, 10 பார் அழுத்தம் தாங்கும். என் சுற்றில் ஒரு பார்கூட வராது. குழாயைச் சொருகினால் கடக். வளையத்தை அமுக்கி இழுத்தால் வெளியே. கிளிப் இல்லை, ஸ்பேனர் இல்லை.

வாங்கும்போது இரண்டு விஷயம் மட்டும் கவனம். டேப்பர் மரை வேண்டாம், அது ஆப்பாக இறங்கிப் பிளாஸ்டிக்கைப் பிளக்கும். ஓ-ரிங் உள்ள பேரலல் மரையே கேளுங்கள். அப்புறம் குழாய். பி.யூ. டியூப் என்று பொதுவாகக் கேட்டால் எஸ்டர் ரகம் தந்துவிடுவார்கள். காற்றுக்கு அது அருமை, வெதுவெதுப்பான தண்ணீரில் நாளடைவில் நைந்து போகும். ஈதர் ரகம் என்று சொல்லிக் கேட்டால் தண்ணீருக்கு அஞ்சாது. நான் நீல நிறம் எடுத்தேன். காரணம் இல்லை, நீலம் எனக்குப் பிடிக்கும்.

ரேடியேட்டருக்கு வருவோம். இந்த ஊரில் ரேடியேட்டர் என்றதும் மனசு எங்கே ஓடும்? டிவிஎஸ் ஆலையிலிருந்து 2017 டிசம்பரில் வெளிவந்த அப்பாச்சி ஆர்ஆர் 310 தண்ணீரில் குளிர்கிற என்ஜின். அதே ஆலையில் உருவான பிஎம்டபிள்யூ ஜி 310 வண்டிகளும் அப்படியே. அந்த ரேடியேட்டரைப் பார்த்தால் கம்ப்யூட்டருக்கென்றே அளவெடுத்த மாதிரி கச்சிதம், 12 வோல்ட் பேனோடு. ஆசை யாரை விட்டது! ஆனால் அது அலுமினியம். அடுக்களையில் யாரும் கவலைப்படாத செம்பு-அலுமினியச் சேர்க்கை வாட்டர் கூலிங்கில் ஆகாது. செம்பின் மின்னழுத்தம் பிளஸ் 0.34 வோல்ட், அலுமினியத்துக்கு மைனஸ் 1.66. இரண்டையும் ஒரே தண்ணீரில் போட்டால் இரண்டு வோல்ட் இடைவெளியுள்ள பேட்டரி ஒன்றை உங்கள் கையாலேயே கட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். அலுமினியம் கரையத் தொடங்கும். பிளாக்கையும் அலுமினியத்தில் செய்தால் பிரச்சினை இல்லை. அந்த வாய்க்கால்களைச் செம்பில் பார்த்த பிறகு எனக்கு மனசு வரவில்லை.

அதனால் ரேடியேட்டர் பட்டறை பாயிடம் போனேன். லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் ரேடியேட்டர்களைப் பிரித்து மேய்கிறவர். அமெரிக்காவில் இந்தக் கிறுக்கு ஆரம்பித்த காலத்தில் 1977 பான்டியாக் பான்வில் காரின் ஹீட்டர் கோரைத் தேடி ஒவ்வொருவரும் காயலான் கடைகளைக் கிளறினார்களாம்; செம்பும் பித்தளையும் சேர்ந்த அந்தக் கோருக்கு அவ்வளவு மவுசு. நமக்குப் பாயின் பட்டறைப் பின்கட்டே போதும். பழைய ஜெனரேட்டர் கோர் ஒன்றைக் காட்டி, இரண்டு 120 எம்.எம். பேன் மாட்டுகிற அளவுக்கு வெட்டித் தரச் சொன்னேன். "இவ்ளோ சின்ன ரேடியேட்டரா? எந்த வண்டிக்கு தம்பி?" என்று சிரித்தார். வண்டி பேரைச் சொல்ல முடியாமல் நானும் சிரித்தேன்.

அவர் வேலை செய்கிற அழகைச் சொல்லியாக வேண்டும். வெட்டிய குழாய் முனைகளைச் சுத்தம் செய்து, புதுப் பித்தளைத் தகட்டை மடக்கித் தொட்டி செய்து, டார்ச் ஒரு கையில், ஈயக்குச்சி மறு கையில். ஈயம் உருகி மூட்டுக்குள் உறிஞ்சிக்கொள்ளும்போது டார்ச்சை விலக்க வேண்டிய நொடி ஒன்று இருக்கிறது. அதை அவர் கடிகாரம் பார்க்காமல், உலோகத்தின் பளபளப்பைப் பார்த்துத் தீர்மானிக்கிறார். கால் இன்ச் பி.எஸ்.பி. சாக்கெட் இரண்டை ஒட்டினார். பிறகு காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். ஒரு குமிழி இல்லை. வண்டி ரேடியேட்டரின் பின்கள் இன்ச்சுக்குப் பத்துப் பன்னிரண்டு என்று அகலமாக இருப்பது நமக்கு வரப்பிரசாதம்: மெதுவாகச் சுற்றுகிற பேனாலேயே காற்று ஊடுருவிப் போகும். வீட்டுக்குக் கொண்டுவந்து வெந்நீரும் வினிகரும் மாற்றி மாற்றி ஊற்றி, பிளக்ஸ் கசண்டெல்லாம் போகிறவரை கழுவினேன். இந்தக் கழுவலைக் குறைத்தால் அந்தக் கசண்டு போய் 0.3 எம்.எம். வாய்க்கால்களில்தான் உட்காரும்.

பம்ப் மட்டும் கடையில் வாங்கியது. லேயிங் டி5 வகை, 12 வோல்ட், கிட்டத்தட்ட நாலு மீட்டர் உயரம் தள்ளும். உள்ளே ஒரு பீங்கான் குண்டின் மேல் சுழல்கிற ஒரே ஒரு அசையும் பாகம். அதைச் செய்து மெனக்கெடுவதில் அர்த்தமில்லை. ஏர்கூலர் பம்ப் போடலாமே என்பவர்களுக்கு: போடலாம், ஆனால் 230 வோல்ட்டைத் தண்ணீருக்குள் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைக்க என் மனசு ஒப்பவில்லை. தொட்டி ஒரு அக்ரிலிக் குழாய், இரண்டு டெல்ரின் மூடி. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

பிளாக்கை மதர்போர்டில் பிடிக்கிற திருகுகளில் ஒரு வேடிக்கை. ஏஎம்4 மதர்போர்டின் பின்தகட்டில் இருப்பது 6-32 என்ற அமெரிக்க மரை. எம்3, எம்4 என்று மெட்ரிக்கில் மூச்சு விடுகிற ஓசூரில் அந்த நீளத்தில் அது கிடைக்கவில்லை. லேத் அண்ணன் கியரை மாற்றிப் போட்டு, இன்ச்சுக்கு 32 மரை கணக்கில், எஸ்.எஸ். கம்பியில் நாலு ஸ்டட் வெட்டிக் கொடுத்துவிட்டார். கூலி கேட்டால், "டீ வாங்கிக் கொடு" என்றார். கம்ப்யூட்டர் பெட்டியை மூடுகிற சாதாரணத் திருகும் அதே மரைதான் என்பதால் சோதித்துப் பார்க்கவும் ஆள் பிடிக்கத் தேவைப்படவில்லை. ஸ்டட்டுக்கு மேல் டை ஸ்பிரிங் துண்டு, அதற்கு மேல் நர்ல் போட்ட நட்டு. நாலு மூலையும் ஒரே அழுத்தம்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. நம் போர் தண்ணீர் உதவவே உதவாது. அதன் உப்பு வாய்க்கால்களில் சுண்ணாம்பாகப் படியும். வயர்கட் மிஷின் ஓடுவதே அயனி நீக்கிய தண்ணீரில்தான் என்பதால் அந்தப் பட்டறையிலேயே டி.ஐ. பிளான்ட் இருந்தது, புதுத் தண்ணீராக ஒரு கேன் பிடித்துக்கொண்டேன். அதில் பைக் கூலன்ட் கொஞ்சம் கலந்தால் துருவும் பாசியும் அண்டாது. டி.ஐ. தண்ணீர் மின்சாரம் கடத்தாது, சிந்தினாலும் பயமில்லை என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். செம்பைத் தொட்டு, தூசியைத் தொட்டு, சீக்கிரமே கடத்தத் தொடங்கிவிடும். அதனால்தான் ஊற்றுவதற்கு முன்னாலேயே காற்றடித்துச் சோதித்தேன்: ரெகுலேட்டரில் அரை பார், வால்வை மூடி, கேஜ் முள்ளையே பார்த்துக்கொண்டு. முள் நின்ற இடத்திலேயே நின்றது. இதுவும் என்ஜின் பிளாக் செய்கிற ஊரில் குழந்தைக்கும் தெரிந்த சோதனை.

பம்ப்பை ஆன் செய்தேன். குழாய்க்குள் காற்றுக்குமிழிகள் கும்பலாக ஓடின, தொட்டியில் ஏறி வெடித்தன, பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்துக் கடைசிக் குமிழியையும் துரத்தினேன். பிறகு எட்டு கோருக்கும் முழு பாரம். அறையில் 26 டிகிரி. பழைய காற்றுக் கூலரில், பேன் கதறிக்கொண்டு, 88, 89 என்று விளிம்பில் தத்தளித்த அதே சிப், 74இல் போய் நின்றது. பதினான்கு டிகிரிக்கு மேல் லாபம்! வேகமும் குறையவில்லை, கடைசி வரை ஒரே கிளாக். ரேடியேட்டர் பேன் இரண்டும் நிமிடத்துக்கு 800 சுற்றில், இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டிய சத்தத்தில். அனாலிசிஸை ஓடவிட்டுப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிறேன். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

ஓசூரின் தட்பவெப்பத்துக்கும் இதில் பங்கு உண்டு. ரேடியேட்டர் எவ்வளவு பெரிதானாலும் அறைக் காற்றைவிடக் கீழே தண்ணீர் குளிராது. அதனால் ஊர் குளிர்ந்தால் சிப்பும் குளிரும். குட்டி இங்கிலாந்து என்று நம் ஊரைச் சொன்னவர்கள் வாய்க்குச் சர்க்கரை. ஒரு குறையும் உண்டு: கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் காற்று பத்து சதவீதம் மெலிந்திருக்கும், அந்த அளவுக்குப் பேன் தள்ளுகிற காற்றின் எடையும் குறையும். ஆனாலும் சென்னை மே மாதத்தை நினைத்துப் பார்த்தால் அந்தப் பத்து சதவீதத்தை நான் சந்தோஷமாக விட்டுக்கொடுப்பேன்.

காசு மிச்சமா என்று கேட்பவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இல்லை. செம்பு, வி.எம்.சி. நேரம், வயர்கட், பாயின் கூலி, பம்ப் எல்லாம் கூட்டினால் கடையில் ரெடிமேடாக விற்கிற வாட்டர் கூலர் ஒன்றை வாங்கி, மிச்சக் காசில் பிரியாணியும் சாப்பிடலாம். மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் தாராளமாக அதை வாங்குங்கள். ஆனால் அந்தக் கூலரில் ஒரு மூட்டு கசிந்தால் தூக்கிக் குப்பையில் போட வேண்டும். என்னுடையதில் ஓ-ரிங் போனால் கயிறு, பிட்டிங் போனால் நியூமேட்டிக் கடை, ரேடியேட்டர் போனால் பாய். அடுத்த சிப்புக்கு நாலு ஸ்டட் மாற்றினால் போதும்.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. அது இன்னும் சிக்கலான வேலை: நடுவில் சில்லு, சுற்றிலும் மெமரி, ஒரு ஓரத்தில் பவர் பாகங்கள், எல்லாம் வெவ்வேறு உயரம். ஹைட் கேஜ் வைத்து ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருக்கிறேன். வயர்கட் தம்பி இப்போதே தன் கம்ப்யூட்டருக்கும் ஒன்று கேட்கிறார். வேறு யாருக்காவது வேண்டுமானாலும் வாருங்கள், மதர்போர்டு எதுவென்று தெரிந்துகொண்டு வாருங்கள். ஏஎம்4, ஏஎம்5 என்றால் துளைகள் 90க்கு 54 எம்.எம்.; இன்டெல் 1700 என்றால் 78க்கு 78; அதற்கு முந்தைய 1200, 1151 என்றால் 75க்கு 75. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே கிளாம்ப் தகட்டில் ஸ்லாட் போட்டு டிராயிங் தயாராக வைத்திருக்கிறேன். பஸ்பார் துண்டு மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.